நட்சத்திரம் பார்த்து வந்த மருமகள்

அரிசி ஆலை மாசிலாமணி நட்சத்திரம் பார்க்காமல் செருப்புகூட வாங்க மாட்டார். ஃப்ரிட்ஜ் கடையில் பீரோ மாதிரி நின்ற ஒன்றைத் தட்டி, "இதுதான்," என்றார்.

"கரண்ட் நிறைய இழுக்குமேங்க," என்றாள் சமையற்காரி செவந்தி.

"உனக்கென்ன தெரியும்? வேண்டாம்னு என் வாயாலயே சொல்ல வை, பாப்போம்."

"ஐயோ, லட்சணமாத்தான் இருக்கா. அடுக்களைக்கு வரப்போற மருமக. நட்சத்திரம் பாத்தீங்களா?"

மாசிலாமணி குனிந்து, கதவில் ஒட்டியிருந்த மின்சார ஸ்டிக்கரைப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"பக்கத்துல இருக்கிற சின்னவளுக்கு அஞ்சுங்க."

"நட்சத்திரம் கூடினா கரண்ட் செலவு குறையும் சார்," என்றார் கடைக்காரர்.

"அப்ப இவ வேண்டாம்," என்ற மாசிலாமணி, சட்டென்று தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் புது ஃப்ரிட்ஜிலிருந்து மோரை எடுத்து அவரே நீட்டினார். "பொண்ணு பாத்துக் குடுத்தவ நீ. மொத டம்ளர் உனக்குத்தாம்மா."