பதினாறடி தூரத்து முகம்

மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொன்னுலிங்கம், தன்னைவிட இருபத்தைந்து வயது சின்னவரான ஒரு பெண்ணிடம் பாடம் படிக்கப் போனார்.

கோவில்பட்டி மெயின் ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஜெசிந்தாவின் ஸ்டுடியோ. கல்யாணம், ஞானஸ்நானம், காதுகுத்து என்று மற்ற நாளெல்லாம் கேமராவோடு வெளியே அலைவார். செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் கற்றுக்கொடுப்பார். படிக்க வருகிறவர்கள் அவரை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். பொன்னுலிங்கமும் அப்படியே கூப்பிட்டார்.

முதல் நாள், புதுக் கேமராவையும் அதைவிடப் புதிய ஃப்ளாஷையும் மேசைமேல் வைத்தார்.

"கடையில இருந்ததுலயே பவர் கூடினதாப் பார்த்து வாங்கினேன், டீச்சர்."

"எதுக்கு?"

"பதினாறடி தூரத்துல நிக்கிற ஒருத்தர் முகம் தெளிவா விழணும். எவ்வளவு பவர் வைக்கணும்? அதை மட்டும் சொல்லிக் கொடுத்தாப் போதும்."

டீச்சர் ஃப்ளாஷின் மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த நாலு பேட்டரிகளையும் எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

"வெறும் ஃப்ளாஷை மாட்டிக்கிட்டு ஒரு வாரம் வீட்டுல எல்லாரையும் எடுங்க, அண்ணாச்சி."

"இருட்டால்ல விழும்?"

"விழட்டும். யார் யார் எங்கே நிக்கிறாங்கன்னு பாருங்க."

கரண்டு இல்லாமல் கரண்டு வேலை கற்றுக்கொடுக்கிற ஆளை அவர் பார்த்ததில்லை. இருந்தாலும் சொன்னபடி செய்தார். ஒரு வாரத்தில் நூறு படம் எடுத்தார். அவர் தங்கை வடிவு எந்தப் படத்திலும் நடுவில் இல்லை. கதவோரம், அலமாரி மறைவு, அடுக்களை நிலை. பல படங்களில் அவள் புடவைத் தலைப்பு மட்டும்தான் இருந்தது.

அது அவருக்குப் புதிய செய்தி இல்லை. வடிவின் புருஷன் மஞ்சள்காமாலையில் போனபோது மகள் ஆவுடைச்செல்விக்கு நாலு வயது. அன்றிலிருந்து தாயும் மகளும் பொன்னுலிங்கத்தின் வீட்டில்தான். செல்வியின் காதுகுத்து, சடங்கு, பட்டமளிப்பு எல்லாவற்றுக்கும் ஆல்பம் இருக்கிறது. ஆல்பத்தில் வடிவு இல்லை. அவள் அங்கே இருந்தாள். பூக்கட்டினாள், பந்திக்கு இலை நறுக்கினாள். கேமராவைக் கண்டதும், "நல்ல காரியத்துல நான் எதுக்கு முன்னால?" என்று பின்னால் போய்விடுவாள். சடங்குப் படம் ஒன்றில் எல்லோருக்கும் பின்னால் ஒரு கருப்பு உருவம் தெரியும். செல்வி அதில் விரல் வைத்து, "இதுதான் எங்கம்மா" என்று தோழிகளிடம் காட்டுவாள்.

கல்யாணப் பேச்சு கூடிவந்தபோது செல்வி சொன்னாள்.

"மாமா, படம் நீங்கதான் எடுக்கணும். வேற யார் எடுத்தாலும் அம்மா இருட்டுலதான் நிப்பா."

பொன்னுலிங்கம் மறுநாளே டேப்போடு மண்டபத்துக்குப் போனார். இதற்கு முன் அங்கே நடந்த விசேஷங்களில் வடிவு எந்தத் தூணை ஒட்டி நிற்பாள் என்பது அவருக்குத் தெரியும். மேடையில் படம் எடுக்கிறவர் நிற்கிற இடத்திலிருந்து அந்தத் தூண்வரை அளந்தார். பதினாறடி. அதன்பிறகுதான் ஃப்ளாஷ் வாங்கினார்.

இதையெல்லாம் அவர் டீச்சரிடம் சொல்லவில்லை. முகத்தில் வெளிச்சம் விழவேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தார்.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை டீச்சர் பேட்டரிகளைத் திருப்பிக் கொடுத்தார். ஃப்ளாஷின் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, வெள்ளைச் சுவரைப் பார்க்க வைத்து ஒரு படம் எடுத்துக் காட்டினார்.

பொன்னுலிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. கம்பியில் கசிந்து வீணாகிற மின்சாரத்தோடு முப்பத்திரண்டு வருஷம் மல்லுக்கட்டியவர்.

"சுவத்துல அடிச்சா பாதி வெளிச்சம் வீணாப் போகுதே, டீச்சர்."

"போகட்டும்."

"மிச்சம்?"

"சுவரு கொடுக்கும்."

அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். வீட்டிலேயே எழுதிக் கொண்டுவந்திருந்ததைப் படித்தார்.

"தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலுல ஒரு பங்காயிடும். எட்டடியில நிக்கிறவருக்குச் சரியா வச்சா, பதினாறடியில நிக்கிறவர் இருட்டு. பதினாறடிக்குச் சரியா வச்சா, எட்டடியில நிக்கிறவர் வெளுத்துப் போயிடுவார். கணக்கு எனக்குத் தெரியுது. வழி தெரியலை."

"கணக்கு சரிதான், அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தில் செல்வியின் நிச்சயதார்த்தம் நடந்தது. தட்டு மாற்றினார்கள். முன்னால் இருப்பவர்கள் உட்காரட்டும் என்று பொன்னுலிங்கம் காத்திருந்தார். அப்போதுதான் அவர்கள் வெளுக்க மாட்டார்கள். எல்லோரும் உட்கார்ந்ததும் பவரை முழுசாக வைத்தார். ஃப்ளாஷ் மெல்ல ஊளையிட்டு நிரம்பியது. தூணை ஒட்டி வடிவு நின்றிருந்தாள்.

"வடிவு! இங்கே பாரு!"

மின்னல் வெட்டியது போல இருந்தது. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு அது?" மாப்பிள்ளை வீட்டில் ஒரு அம்மாள் கேட்டாள்.

"பொண்ணோட அம்மா."

"அப்படியா? அங்கே ஏன் நிக்கிறாங்க?"

கேட்ட பிறகு அந்த அம்மாளுக்கே காரணம் புரிந்தது. புடவையைச் சரிசெய்துகொண்டாள். வடிவு சமையல் கட்டுக்குள் போனாள். பந்தி முடிகிறவரை வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் முன்னால் நின்று சொன்னாள். "கல்யாணத்துல இந்த மாதிரி செய்யாதே, அண்ணே. செஞ்சா நான் மண்டபத்துக்கே வரமாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அது அவருக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அந்தப் படத்தை டீச்சரிடம் காட்டினார். புடவையில் இருந்த நூல்கூடத் தெரிந்தது. தூணில் சுண்ணாம்பு உரிந்த இடம் தெரிந்தது. வடிவின் கை முகத்துக்குக் குறுக்கே கிடந்தது.

"வெளிச்சம் சரியா விழுந்திருக்கு" என்றார் டீச்சர்.

"முகம்தான் விழலை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். டேப் எடுத்துக்கொண்டு போனதையும் சொன்னார்.

டீச்சர் எழுந்தார். பொன்னுலிங்கத்தை ஸ்டுடியோவின் கடைசியில் போய் நிற்கச் சொன்னார். அன்று வகுப்புக்கு வந்திருந்த இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் பவரை முழுசாக வைத்தார்.

"அண்ணாச்சி! இங்கே பாருங்க!"

அவர் கை தானாக மேலே போனது. நாற்காலியில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஒருவர் சிரித்தார். கண்ணுக்குள் பச்சையும் நீலமுமாக வட்டங்கள் மிதந்தன. எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி அவருக்குக் கூச்சமாக இருந்தது.

டீச்சர் நடந்து வந்தார். பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரையும் உட்காரச் சொன்னார்.

"மருமக சின்னப் பிள்ளையில சேட்டை பண்ணுவாளா?"

"சேட்டையா? ஒருநாள் என் டூட்டி ஹெல்மெட்டைத் தலையில கவுத்திக்கிட்டு எடுக்க மாட்டேன்னுட்டா. அதோடயே தூங்கிட்டா. வடிவு ராத்திரி மெதுவா..."

சுவரில் ஒரு வெளிச்சம் வந்து போனது. ஜன்னல் கதவு லேசாகத் திறந்து மூடியது போல இருந்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. டீச்சர் கேமராவின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டிய பிறகுதான் படம் எடுத்தது தெரிந்தது.

அவர் தன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அப்படி ஒரு முகம் தனக்கு இருப்பது அவருக்குத் தெரியாது.

"இதுக்கு எவ்வளவு பவர் வச்சீங்க?"

"பதினாறுல ஒரு பங்கு."

"அவ்வளவுதானா?"

"பக்கத்துல வந்துட்டேனே."

"நான் அப்படி வர முடியாதே, டீச்சர். மேடையில எல்லாரும் என்னை நம்பி இருப்பாங்க. வேற படக்காரர் வேண்டாம்னு நானே சொல்லிட்டேன். கல்யாணம் இங்கே, அவ அங்கே. ரெண்டையும் எங்கே நின்னு எடுக்கிறது?"

டீச்சர் கேமராவை அவர் கையில் கொடுத்தார்.

"தெரியலை, அண்ணாச்சி."

கல்யாணத்தன்று காலை எட்டரைக்கு முகூர்த்தம். வடிவு வந்திருந்தாள். பழைய இடத்திலேயே, தூணை ஒட்டி, சுவர் ஓரமாக நின்றாள். பொன்னுலிங்கம் அவள் பக்கம் கேமராவைத் திருப்பவில்லை. மேடையில் மாலை மாற்றியதை எடுத்தார். கூறைப்புடவை கொடுத்ததை எடுத்தார். எல்லாம் நன்றாகவே விழுந்தன. தாலித் தட்டு சபையைச் சுற்றி ஒவ்வொரு கையாகத் தொட்டுவிட்டு மேடைக்குத் திரும்பியது. பின்னால், தூண்வரைக்கும் அது போகவில்லை.

அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். பொன்னுலிங்கம் மேடையை விட்டு இறங்கினார்.

"அண்ணாச்சி, எங்கே போறீங்க?" சம்பந்தி குரல் கொடுத்தார். அவர் திரும்பவில்லை. உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே வழி கேட்டு, கால் மிதிபடாமல் நடந்து போனார். தூணருகே வந்து தங்கை பக்கத்தில் நின்றார்.

வடிவு பதறிப்போனாள். "இங்கே எதுக்கு வந்தே? தாலி கட்டப் போறாங்க. போ!"

"தெரியும்."

"போ, அண்ணே!"

"நான் உன்கூட நிக்கிறேன். நீ அங்கே பாரு."

அவள் அவர் கையிலிருந்த கேமராவைப் பார்த்தாள். அவர் அதை மறைக்கவில்லை. ஃப்ளாஷின் தலையைச் சுவர் பக்கம் திருப்பினார்.

"எடுக்கட்டுமா?"

அவள் பதில் சொல்வதற்குள் கெட்டிமேளம் முழங்கியது. வடிவு மேடைப் பக்கம் திரும்பினாள். அவள் கை மேலே எழுந்தது. ஆனால் முகத்துக்குப் போகவில்லை. உள்ளங்கையில் வைத்திருந்த அட்சதையை நின்ற இடத்திலிருந்தே மகளைப் பார்த்து எறிந்தாள். சுவரில் ஒரு முறை வெளிச்சம் வந்து போனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அட்சதை மூன்றடி தள்ளித் தரையில் விழுந்தது.

அவர் மேடைக்குத் திரும்பிப் போனபோது மூன்றாவது முடிச்சும் போட்டாகிவிட்டது.

ஆல்பம் வந்த அன்று சம்பந்தி வீட்டுக்கு வந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"தாலி கட்டுற படம் எங்கே?"

"எடுக்கலை."

"எடுக்கலையா? ஆளுக்கொரு செல்போன்ல எடுத்திருக்காங்க, எல்லாத்துலயும் கையும் முதுகும்தான் தெரியுது. உங்களை நம்பித்தானே சும்மா இருந்தோம்?"

பொன்னுலிங்கம் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். சம்பந்தி காபி குடிக்காமல் போய்விட்டார்.

வடிவு தன் படத்தைப் பார்த்துவிட்டு, "நான் இவ்வளவு கிழவியாயிட்டேனா?" என்று மட்டும் கேட்டாள். ஆனால் இரண்டு தடவை பார்த்தாள். செல்வி ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் படத்தில் ஒரு பிரதி கேட்டு வாங்கி, கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பொன்னுலிங்கம் ஸ்டுடியோவின் படியேறினார். இன்னொரு பிரதியை மேசைமேல் வைத்தார்.

"தாலி கட்டுற படம் என்கிட்ட இல்லை, டீச்சர். சம்பந்தி கோபப்பட்டது நியாயம்தான். அந்த ஒரு நிமிஷம் திரும்ப வருமா?"

"வராது."

"செல்வி என்னை நினைச்சுப் பொறுத்துக்கிட்டாளோ, அம்மாவை நினைச்சுப் பொறுத்துக்கிட்டாளோ தெரியலை. அவ கல்யாணத்துல முக்கியமானதை நான் விட்டுட்டேன்."

டீச்சர் படத்தைக் கையில் எடுத்தார். காற்றில் நின்ற அட்சதை. அதற்குப் பின்னால் வடிவின் முகம். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண் இமைக்கவில்லை.

"இவங்க எங்கே பார்த்துக்கிட்டு இருக்காங்க?"

"மேடையை."

"அங்கே என்ன நடக்குது?"

"மாப்பிள்ளை தாலி கட்டுறார்."

டீச்சர் படத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"தெரியுதே, அண்ணாச்சி."