பேராச்சி ஆமையும் விளக்கு வெயிலும்

மலையடிவாரத்துக் குளம் ஒன்றில் பேராச்சி என்று ஓர் ஆமை இருந்தது. கவலைப்படுவதில் அதை மிஞ்ச அந்தக் குளத்தில் ஆள் இல்லை. மழை வராவிட்டால் குளம் வற்றிவிடுமே என்று கவலை. மழை வந்தால் கரை உடைந்துவிடுமே என்று கவலை. ஒரு நாள் கவலைப்பட ஒன்றுமே அகப்படவில்லை. 'எதையோ மறந்துவிட்டேன் போலிருக்கிறதே!' என்று அன்று முழுக்கக் கவலைப்பட்டது.

குளத்தின் நடுவில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. காலையில் ஆமைகள் அதன் மேல் வரிசையாக ஏறும். கழுத்தை நீட்டி, பின்னங்கால்களை விரித்துப் போட்டு வெயில் காயும். குஞ்சுகளும் கூடவே காயும். பேராச்சியின் மகள் செல்லக்கனியும் பிறந்த வாரத்திலேயே அதில் ஏறப் பார்த்தது.

"இறங்குடி! மேலே பாரு!" என்று கத்தியது பேராச்சி.

மேலே ஒரு பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது. பேராச்சி இட்ட முட்டைகளில் கீரி தின்றது போக மிஞ்சியது இந்த ஒரு பிள்ளைதான். இதையும் பருந்துக்குக் கொடுத்துவிட்டு எப்படி உயிரோடு இருப்பது? செல்லக்கனியைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு போய்ப் பாசிக்குள் ஒளித்து வைத்தது.

பக்கத்து ஆமை மூக்காயி சிரித்தது. "ஏ பேராச்சி! வெயில் படாம ஆமைப் பிள்ளை வளருமா? ஜாடிக்குள்ளே போட்டு மூடி வைக்க அது என்ன ஊறுகாயா?"

"உனக்கு ஏழு பிள்ளை. ஒண்ணு போனாலும் ஆறு இருக்கும். நீ பேசுவே!" என்றது பேராச்சி.

சொல்லிவிட்டதே தவிர, மனசு கேட்கவில்லை. வெயில் வேண்டும், பருந்து வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் தலையை உள்ளே இழுப்பதும் வெளியே நீட்டுவதுமாக இரண்டு நாள் தூங்கவில்லை.

குளக்கரையில் வனக்காவலர் வீடு ஒன்று இருந்தது. அதன் தாழ்வாரத்தில் கம்பி வலை அடித்த ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஒரு நட்சத்திர ஆமை. பட்டணத்தில் யாரோ திருட்டுத்தனமாக வீட்டில் வைத்து வளர்த்ததாம். பிடித்துக்கொண்டு வந்து இங்கே வைத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் அதற்கு ராக்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதன் ஓடு மேடும் குழியுமாக இருக்கும். அதைக் கிரீடம் என்று ராக்கி சொல்லிக்கொள்ளும்.

மூன்றாம் நாள் பேராச்சி தாழம்புதர் வழியாக ஊர்ந்து வந்து எட்டிப் பார்த்தது. கூண்டுக்குள் ஒரு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"தம்பி, பட்டப்பகலில் எதுக்கு விளக்கு?"

"அக்கா, இது சாதா பல்பு இல்லை. புற ஊதா விளக்கு! வெயிலில் இருக்கிற சத்தெல்லாம் இதிலே இருக்கு. என்னோடவே பட்டணத்திலிருந்து வந்தது. சூரியனாவது சாயங்காலம் ஓடிப்போகும். இது சொன்ன இடத்தில் நிற்கும்!"

பேராச்சி மேலே பார்த்தது. தாழ்வாரத்துக்கு ஓட்டுக்கூரை. ஆகாயம் கண்ணிலேயே படவில்லை!

"பருந்து வருமா?"

"கூரையைப் பிரிச்சுக்கிட்டா வரும்? என்னக்கா நீ!"

பேராச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு சுலபமான வழியை இத்தனை காலம் ஒரு ஆமையும் யோசிக்கவில்லையே! இந்தக் குளத்திலேயே மூளையுள்ள ஆமை தான்தான் என்று அன்றைக்கு முடிவு செய்தது.

கூண்டின் அடியில் ஒரு குஞ்சு நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் செல்லக்கனியை அங்கே கொண்டுவந்து விட்டது. சாயங்காலம் வந்து கூட்டிப் போனது.

"பிள்ளை எங்கே பேராச்சி?" என்று மரத்தின் மேலிருந்து மூக்காயி கேட்கும்.

"பட்டணத்து வெயிலில் காயுது!" என்று பேராச்சி கழுத்தை நிமிர்த்திச் சொல்லும்.

"அம்மா, மரத்துக்குப் போவோமா? எல்லாரும் அங்கே விளையாடறாங்க," என்று செல்லக்கனி கெஞ்சும்.

"வெளிச்சம் கிடைக்குதா?"

"கிடைக்குது."

"சூடு கிடைக்குதா?"

"கிடைக்குது."

"அப்புறம் என்னடி குறை உனக்கு? வாயை மூடிக்கிட்டு காய்!"

நான்கு மாதம் போனது. செல்லக்கனி முன்னைப் போல் நீந்தவில்லை. நத்தையைக் கொண்டுவந்து கொடுத்தால் முகத்தைத் திருப்பியது. கால்களை இழுத்து இழுத்து நடந்தது. மூக்காயியின் கண் பட்டுவிட்டது என்றது பேராச்சி. பிறகு தண்ணீர் சரியில்லை என்றது. பிறகு நத்தை சரியில்லை என்றது. தன்னைத் தவிர எல்லாவற்றையும் குறை சொல்லி முடித்துவிட்டது.

ஒரு நாள் தாழம்புதர் வழியாகக் கூண்டுக்குக் கூட்டிப் போகையில் மூக்கால் பிள்ளையைத் தள்ளியபோது ஓடு உள்ளே அமுங்கியது. நனைந்த அப்பளம் போல இருந்தது! பேராச்சி இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தது.

அப்போது புதருக்குப் பக்கத்துத் தேக்கு மரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "என்ன பேராச்சி அம்மா, நல்லா இருக்கீங்களா?"

பருந்து! பேராச்சி பிள்ளையைத் தாழம்புதருக்குள் தள்ளி, குறுக்கே நின்றது.

"பயப்படாதீங்க. இப்போதான் ஒரு பாம்பு சாப்பிட்டேன், பசியில்லை," என்றது பருந்து. "போன மாதம் மூக்காயியோட பிள்ளை ஒண்ணைத் தூக்கிட்டுப் போய்ப் பாறையில் போட்டேன். உடையலை! கொத்தினேன். என் அலகுதான் வலிச்சது. வெயிலில் காய்ஞ்ச ஓடு, கருங்கல் மாதிரி! அது பாட்டுக்கு உருண்டு தண்ணிக்குள்ளே போயிடுச்சு. உங்க பிள்ளை அப்படி இல்லை. பாலில் ஊறின ரொட்டி மாதிரி வளர்த்திருக்கீங்க. ரொம்ப நன்றி! பசிக்கிறப்போ வர்றேன்."

சிறகை விரித்துப் பருந்து பறந்துவிட்டது. பேராச்சி கூண்டுக்கு ஓடியது. ஓடியது என்றால், ஆமை ஓடுகிற ஓட்டம்தான்.

"ராக்கி! என் பிள்ளையை உன் விளக்கு என்னடா செஞ்சது?"

ராக்கி கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டது. "நேத்து மாட்டு டாக்டர் வந்தாரு அக்கா. என் ஓட்டையும் அமுக்கிப் பார்த்தார். காவலரைப் பிடிச்சுத் திட்டினார். இந்த விளக்கு ஒரு வருஷத்துக்கு மேலே உதவாதாம். அப்புறம் வெளிச்சம் வரும், சூடு வரும், சத்து மட்டும் வராதாம். வெறும் பார்வைக்குத்தான் எரியுமாம். இது எரிய ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு."

"பட்டணத்தில் யாரும் இதைச் சொல்லலையா?"

"சொன்னாங்க. விளக்கை மாத்தணும், நடுவிலே வெயிலிலும் விடணும்னு அங்கேயும் ஒரு டாக்டர் சொன்னார். அந்த வீட்டுக்காரருக்குத்தானே சொல்றார், நமக்கென்னன்னு இருந்துட்டேன். என் கண்ணுக்கு அது எரிஞ்சுக்கிட்டுதானே இருந்தது!"

பேராச்சி ராக்கியைத் திட்டத்தான் வாயைத் திறந்தது. அதற்குள் தன் நிலைமை நினைவுக்கு வந்தது. ராக்கிக்காவது கூண்டு. தனக்கு? ஒரு குளம், ஒரு மரம், தலைக்கு மேலே முழுசாக ஒரு சூரியன். அதை விட்டுவிட்டு விளக்கைத் தேடி வந்த தன் மூளையைப் பார்த்து அதற்கே சிரிப்பு வந்தது. 'நீ உருப்பட்ட மாதிரிதான் பேராச்சி! எதுக்குப் பயந்தாயோ, அதுக்கே பிள்ளையைப் பதமா ஊறவெச்சுக் கொடுத்திருக்கே!'

"நாளைக்கு என்னையும் வெயிலில் விடப்போறாங்களாம். ஆகாயத்தை நினைச்சாலே பயமா இருக்கு," என்றது ராக்கி.

"எனக்கு மட்டும் பயமில்லையா? பயந்துக்கிட்டே போ!" என்றது பேராச்சி.

மறுநாள் காலை செல்லக்கனியை முதுகில் ஏற்றிக்கொண்டு மரத்தில் ஏறியது. பிள்ளையால் தானாக ஏற முடியவில்லை. வரிசையின் நடுவில் மூக்காயி நகர்ந்து இடம் கொடுத்தது. கேலி பேச வாயெடுத்தது. செல்லக்கனியின் ஓட்டைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டது.

மூன்றாம் நாள் பருந்து சொன்னபடி வந்தது. நிழல் விழுந்ததும் எல்லா ஆமைகளும் பொத்துப் பொத்தென்று தண்ணீரில் குதித்தன. செல்லக்கனியின் கால்கள் அசையவில்லை. பேராச்சி பிள்ளையின் மேல் படுத்து மூடிக்கொண்டது. நகங்கள் அதன் முதுகில் கரகரவென்று கீறின. ஒரு தடவை. இரண்டு தடவை. பிறகு சத்தம் நின்றது.

"அம்மா, மூச்சு முட்டுது!" என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

"முட்டட்டும்! இன்னும் கொஞ்ச நேரம் இரு," என்றது பேராச்சி.

அதன்பின் வெயில் காய்வது ஒரு நாளும் தவறவில்லை. பயமும் ஒரு நாள்கூடப் போகவில்லை. பிள்ளை காயும், பேராச்சி பக்கத்திலிருந்து ஆகாயத்தைப் பார்த்தே கழுத்து சுளுக்கிக்கொள்ளும். அடுத்த மழைக்குள் செல்லக்கனியின் ஓடு இறுகிவிட்டது. வலது ஓரத்தில் ஒரு பள்ளம் மட்டும் நிரம்பவேயில்லை.

"இது என்னம்மா பள்ளம்?" என்று செல்லக்கனி கேட்டது.

"உங்கம்மா மூளை இருந்த இடம்டி," என்றது பேராச்சி.

ஆபத்து வந்துவிடுமே என்று பிள்ளையை ஒளித்து வளர்க்கிற தாய், அந்த ஆபத்தைத் தாங்கும் பலம் பிள்ளைக்கு வராமலும் செய்துவிடுகிறாள்.