மூன்று ஆடாதோடை இலையும் ஒரு பொய்யும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மலைகளுக்கு மீசை முளைத்திருந்த நாளில், நீலியூர் என்றொரு ராஜ்யம் இருந்தது. அங்கே அரண்மனை வைத்தியர் தில்லைவனம். அவர் கை பட்டால் பட்டுப்போன மரமும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்கும். நான் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேன்.

அந்த ஊர் வைத்தியர்கள் செடியிடம் கேட்காமல் இலை பறிக்க மாட்டார்கள். மஞ்சள் நூலில் செடிக்கு ஒரு காப்பு, தன் மணிக்கட்டுக்கு ஒரு காப்பு கட்டிக்கொண்டு, யாருக்கு, என்ன நோய் என்று சொல்ல வேண்டும்.

ஒரு வருஷம் மழையே இல்லை. சளிக்கும் தொண்டைக்கும் மருந்தாகும் ஆடாதோடைச் செடி எல்லாம் கருகிப்போய், மலையுச்சியில் ஒரே ஒரு செடி. அதில் மூன்றே இலை. அந்த நேரம் பார்த்து, உப்பு விற்கும் மாடத்தியின் மகள் குருவம்மாவுக்கு நெஞ்சுச் சளி.

“வைத்தியரையா, பிள்ளைக்கு மூச்சு வாங்குது” என்று மூன்று முறை வந்தாள் மாடத்தி.

“நாளைக்குப் பார்க்கலாம்” என்றார் மூன்று முறையும்.

மகாராஜாவுக்கோ சேவல் சண்டையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. ‘குரல் வந்தால் பல்லக்கு தருகிறேன்’ என்று எழுதிக் காட்டினார். அன்றைக்கே மலையேறினார் தில்லைவனம். காப்புக் கட்டினார்.

“யாருக்கு?” என்றது செடி.

சேவல் சண்டையில் கத்தியவருக்கு என்றால் கொடுக்குமா? “மாடத்தி மகள் குருவம்மாவுக்கு. நெஞ்சுச் சளி” என்றார்.

“ஐயோ பாவம், ஓடு!” என்று மூன்று இலையையும் உதிர்த்தது.

கஷாயம் மகாராஜா வயிற்றுக்குள் போனது. சபை கூடியது. மகாராஜா வாயைத் திறந்தார். வந்ததோ சின்னப் பெண் குரல்!

“அம்மா, மூச்சு முட்டுது. என் மருந்தை யாரும்மா குடிச்சாங்க?”

மீசை துடிக்க மறுபடி திறந்தார். அதே குரல். மூன்றாவது முறையும் அதேதான். சபை வைத்தியரைப் பார்த்தது. அவர் தலை தொங்கியது. காது மடல் கொதித்துத் தலைப்பாகை புகைந்தது.

மலைக்கு ஓடினார். “மன்னித்துவிடு.”

“என்னிடம் எதற்கு? எனக்கா இருமல்?” என்றது செடி. “யார் பெயரைச் சொன்னாயோ, அவள் வாசலில் போய்ச் சொல்.”

மாடத்தி வாசலில் தெருவே கூடியிருந்தது. உள்ளே குருவம்மா வாயசைத்தாள், குரல் இல்லை. விலா எலும்பு ஏறி ஏறி இறங்கியது.

“உன் மகள் பெயரைச் சொல்லி இலை வாங்கினேன் மாடத்தி. பல்லக்குக்கு ஆசைப்பட்டு ராஜாவுக்குக் கொடுத்தேன்.”

“வெட்கப்படுறதை அப்புறம் வெச்சுக்குங்க ஐயா. பிள்ளைக்கு வழி சொல்லுங்க!”

நிமிர முடியாமல் தன் கையைப் பார்த்தார். மணிக்கட்டுக் காப்பில் மூன்று இலை துளிர்த்திருந்தது! தானே அடுப்பூதி, நாலு பங்கு தண்ணீர் ஒரு பங்காகச் சுண்டும்வரை காய்ச்சி, தேன் விட்டுப் புகட்டினார்.

“உவ்வே, கசக்குது!” என்றாள் குருவம்மா, சொந்தக் குரலில். அதே நொடி அரண்மனையில் “என் சேவல் எங்கே?” என்று கர்ஜனை கேட்டது.

பல்லக்கும் வந்தது. தில்லைவனம் குருவம்மாவை அதில் ஏற்றி ஊர்வலம் விட்டார். ஒரு பக்கம் தோள் கொடுத்தது அவரேதான்.

“ஏன் தாத்தா குனிஞ்சே வர்றீங்க?”

“கல்லு முள்ளு பார்த்து நடக்கிறேன் தாயி.”

நம்பாதவர்கள் ஓர் ஆடாதோடை இலையைக் கிள்ளி நாக்கில் வையுங்கள். கசந்தால் என் கதை நிஜம். கிள்ளுமுன் செடியைக் கேளுங்கள். ‘யாருக்கு?’ என்று அது திருப்பிக் கேட்டால், உண்மையைச் சொல்லுங்கள்.