கீரி வாங்கிய பூவேலை மெஷின்

ஆற்றங்கரைப் புதரில் மங்கா என்கிற கீரியும் தாயம்மா என்கிற முயலும் பக்கத்துப் பக்கத்து வளையில் குடியிருந்தார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் தாயம்மா ஒரு சின்னத் தையல் மெஷின் வாங்கி வந்தாள். கையால் சுற்றுகிற மெஷின். அன்றைக்கே மங்காவின் நிம்மதி போயிற்று.

தாயம்மாவுக்குத் தையல் தெரியாது. முதலில் நூலே கோக்காமல் தேக்கிலையில் ஓட்டி ஓட்டிக் கை பழகினாள். "இலைக்கு ஓட்டை போடவா மெஷின் வாங்கினே?" என்று மங்கா சிரித்தாள். கொஞ்ச நாளில் தாயம்மா பழந்துணிகளை ஒட்டுப்போட்டு, உள்ளே இலவம்பஞ்சு அடைத்து, ஒரு போர்வையே தைத்துவிட்டாள். அணில் வந்து தடவிப் பார்த்தது, முள்ளம்பன்றி வந்து மெச்சியது. மங்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

மங்காவுக்கும் போர்வை வேண்டித்தான் இருந்தது. வீட்டில் மூன்று குட்டிகள். கடைக்குட்டி ஓயாமல் தும்மிக்கொண்டிருந்தது. இருந்த ஒரே பழைய போர்வையும் இடையில் கிழிந்து கிடந்தது. அதைத் தைத்துக்கொடு என்று தாயம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பாளா? நாக்கு வளையவில்லை.

நேராக, தாயம்மா மெஷின் வாங்கிய நாரை அண்ணாச்சி கடைக்குப் போனாள்.

"முன்னே பின்னே தைச்சிருக்கியா தாயி?" என்று நாரை கேட்டது.

"அது எதுக்கு? அந்த முயல் என்ன வாங்கினா? அதைச் சொல்லுங்க."

"சரி, நீ என்ன தைக்கணும்?"

"அவ மெஷினைவிடப் பெரிசா என்ன இருக்கு?"

நாரை பெருமூச்சு விட்டது. "புதுசாப் பழகுறவங்களுக்கு அந்தக் கைமெஷின்தான் தோது. நேர்த்தையல் ஒன்னுதான் போடும். சுத்தினா ஓடும், விட்டா நிக்கும். விலையும் கம்மி. போர்வை தைக்க வேற என்ன வேணும்?"

"அவ வச்சிருக்கிறதே எனக்குமா! நல்லா இருக்கே நியாயம்!"

மூலையில் பளபளவென்று ஒன்று நின்றது. பூ போடும், கொடி போடும், மயில்கூடப் போடும். திருகுகிற குமிழே வரிசையாக இருந்தது. மழைக்காலத்துக்கென்று சேர்த்துவைத்த கருவாடு அத்தனையையும் கொட்டிக்கொடுத்து மங்கா அதை வாங்கினாள். தாயம்மா வாசலில் நிற்கிற நேரம் பார்த்துத்தான் வீட்டுக்குள் கொண்டுபோனாள்.

அடுத்து என்ன? பழகிப் பார்க்க வேறு துணி இல்லை. பழைய போர்வையையே வெட்டி ஊசிக்கடியில் வைத்து, மிதியில் காலை வைத்தாள். அவ்வளவுதான், மெஷின் பேய் பிடித்ததுபோல் ஓடியது. துணியை உள்ளே இழுத்தது. அடியில் நூல் சிக்கிப் பந்தாகியது. காலை எடுக்கத் தெரியாமல் இன்னும் அழுத்தினாள். ஊசி முறிந்தது, ஏதோ ஒன்று உள்ளே நொறுங்கியது.

"கீழ்நூல் மாட்டினியாடி?" என்று பக்கத்து வளையிலிருந்து தாயம்மா கேட்டாள். "நான் வரட்டுமா?"

"எல்லாம் எனக்குத் தெரியும். உன் சோலியைப் பாரு."

மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. போர்வை துண்டு துண்டாகக் கிடந்தது, கருவாட்டுப் பானை காலி. பசிக்கு அழுத குட்டிகளை விட்டுவிட்டு, ராத்திரி கொட்டுகிற மழையிலேயே மங்கா இரை தேடப் போனாள். காலையில் ஒரு நண்டைக் கவ்விக்கொண்டு திரும்பினால் வளைக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. குட்டிகளைக் காணோம். கத்திக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கித் துழாவினாள்.

"இங்கேதான் இருக்குடி, பதறாதே" என்று தாயம்மாவின் குரல் கேட்டது. "உன் வளையில தண்ணி ஏறவும் தூக்கிட்டு வந்துட்டேன். என் வளை கொஞ்சம் மேட்டில இருக்கு."

ஓடிப்போய்ப் பார்த்தாள். ஒட்டுப் போர்வைக்குள் மூன்று தலைகள் தெரிந்தன. கடைக்குட்டி தும்மவில்லை. கண்ணை மூடிக்கொண்டே, "அம்மா, சத்தம் போடாதே. இங்கே கதகதன்னு இருக்கு. நாம இனிமே இங்கேயே இருப்போம்" என்றது.

பெற்ற பிள்ளை இப்படிச் சொன்னதும், தொப்பலாக நனைந்திருந்த மங்காவுக்கு வயிறு மட்டும் பற்றி எரிந்தது. தாயம்மாவை நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தாள். குட்டியின் காதைத் தொட்டுப் பார்த்தாள். குளிர் விட்டுக் கதகதப்பாக இருந்தது.

"உன் மெஷின்ல எனக்குத் தைக்கச் சொல்லித்தர்றியாடி?" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"இதைக் கேக்கவா இத்தனை நாள்?" என்று தாயம்மா நகர்ந்து இடம் விட்டாள்.

அடுத்தவர் வயிறெரிய வேண்டும் என்று பார்த்து வாங்குகிற பொருள், வாங்கியவர் வயிற்றைத்தான் முதலில் காயப்போடும்.