எப்சிபாய் போகாத திருவிருந்து

தீர்ப்புச் சொல்லும் ஆசை நம் எல்லோருக்கும் உண்டு. கிருபாபுரம் சபையில் நடந்ததைக் கேளுங்கள். தீர்ப்பு உங்கள் பொறுப்பு.

எப்சிபாய் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் டீச்சர். கணவர் கோயில்பிள்ளை, தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். ஒரே மகள் ஷெரின். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கோவிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்க ஒரு வாரம் இருந்தபோது, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. பெண்ணுக்கு வலிப்பு நோய், மறைத்துக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தது. முழுப் பொய். மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லாமலே கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். காரணத்தை ஊர் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது, வாய்க்கு ஒன்றாக. ஷெரின் ஆறு மாதம் வாசல் தாண்டவில்லை. பிறகு நாக்பூரில் ஒரு வேலை தேடிக்கொண்டு போனவள், கிறிஸ்துமசுக்குக்கூட ஊருக்கு வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, மாப்பிள்ளையின் சித்தப்பா மனசு கேட்காமல் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பார்த்த மாத்திரத்தில் எப்சிபாய்க்குத் தெரிந்துவிட்டது. சபை அறிவிப்புப் பலகையில் வாராவாரம் வசனம் எழுதுகிற கை அது. கமிட்டி உறுப்பினர் ஞானாதிக்கத்தின் கை. அதே மாப்பிள்ளையைத் தன் மகள் பியூலாவுக்குக் கேட்டுக் கிடைக்காத வயிற்றெரிச்சல் அவருக்கு.

போதகர் ஜெபரத்தினம் விஷயத்தை வளரவிடவில்லை. அடுத்த ஞாயிறே ஞானாதிக்கத்தைச் சபைக்கு முன் நிறுத்தினார். ஞானாதிக்கம் குற்றத்தை ஒப்புக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். “இந்தச் சகோதரனை நாம் மன்னித்துவிட்டோம்” என்று போதகர் அறிவித்தார். கோயில்பிள்ளை எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டார். சபை கண்ணைத் துடைத்துக்கொண்டது. பிறகு எல்லாத் தலைகளும் பெண்கள் பக்கம், எப்சிபாயை நோக்கித் திரும்பின.

“வாங்கம்மா, நீங்களும் ஒரு கை கொடுங்க. ஆண்டவர் பாத்துக்கிட்டு இருக்காரு” என்றார் போதகர்.

“பாக்கட்டும் ஐயா.” எப்சிபாய் இருந்த இடத்திலேயே எழுந்து நின்றாள். “இவர் எழுதினது எம் மகளைப் பத்தி. மன்னிச்சிட்டோம்னு சொல்லுதியளே, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா? முதல்ல அவளுக்கு எழுதச் சொல்லுங்க. இந்தத் தடவை அடியில கையெழுத்துப் போட்டு.”

மனசில் கசப்போடு திருவிருந்துக்கு வரலாகாது என்று போதகர் சொல்லிவிட்டார். கடிதம் எழுதியவர் அன்றைக்கு முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கினார். பெற்றவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவள் கோவிலுக்குப் போனாள். ஆண்டவர் கற்பித்த ஜெபத்தில் தீங்கு செய்தவர்களை மன்னிக்கிறோம் என்று சொல்லும் வரி வரும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டாள். பொய் அவளுக்கு வராது.

வீட்டில் அவள் கோபத்துக்குத் தடை இருக்கவில்லை.

“கட்டிப் பிடிச்சியளே, நம்ம பிள்ளை கேட்டா என்ன சொல்லப் போறிய?”

“எனக்கு நிம்மதி வேணும் எப்சி. நான் தூங்கி ரெண்டு வருஷமாச்சு.”

“உங்க தூக்கத்துக்கு எம் பிள்ளையக் கொடுத்திட்டிய.”

எட்டு மாதம் போயிற்று. பாளையங்கோட்டையிலிருந்து ஒரு புருஷனும் பெஞ்சாதியும் தங்கள் மகனுக்குப் பெண் கேட்கும் முன் பியூலாவைப் பற்றி விசாரிக்க வந்தார்கள். முதலில் போதகரிடம் போனார்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் தன் தலை உருளும் என்று அவருக்குப் பயம். “குடும்ப விஷயத்துல நான் தலையிடுறதில்ல” என்று அனுப்பிவிட்டார். அவர்கள் முகம் வாடி, பெண்ணுக்குப் பாடம் சொன்ன டீச்சர் வீட்டைக் கேட்டு வந்தார்கள்.

கோயில்பிள்ளைதான் கதவைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டதும் பெருமூச்சு விட்டார். “அந்த வீட்டைப் பத்தி எங்க வாயால எதுவும் வேண்டாம்.” அந்த அம்மாள் கணவனைப் பார்த்தாள். இருவரும் எழுந்தார்கள்.

எப்சிபாய் அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். கடிதம்கூட எழுத வேண்டாம். இப்படியே நின்றால் போதும்; அந்த ஆள் செய்தது அந்த ஆள் வீட்டுக்கே போய்ச் சேரும். ஷெரின் படுத்துக் கிடந்த அறையின் கதவு எதிரே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“உக்காருங்க. அந்தப் பிள்ளையோட அப்பா எங்களுக்குப் பெரிய துரோகம் பண்ணினவரு. அவர் மேல எனக்குத் தீராத கோபம் இருக்கு. அவரைப் பத்தி என்கிட்ட கேக்காதிய. ஆனா பியூலா எங்கிட்ட அஞ்சு வருஷம் படிச்சவ. அவ மேல ஒரு குத்தமும் கிடையாது. உங்க வீட்டுக்கு அவ வந்தா நீங்க கொடுத்து வச்சவங்க.”

கோபக்காரியின் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தையை அவர்கள் சந்தேகப்படவில்லை. அந்த மாதமே கல்யாணம் நிச்சயமானது.

ஞானாதிக்கம் ஓடிவந்து வாசலில் கைகூப்பி நின்றார். “தாயி, என்னை மன்னிச்சிட்டியா?”

“இல்ல. உம்ம முகத்தைப் பாத்தா இன்னும் எனக்கு வயிறு எரியுது. போயிரும்.”

கதவைச் சாத்திவிட்டாள். அடுத்த திருவிருந்திலும் அவளுக்கு இடமில்லை.

இப்போது சொல்லுங்கள்: சபையறிய மன்னிப்பை அறிவித்த போதகர், கட்டித் தழுவிய கோயில்பிள்ளை, முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்ற எப்சிபாய். இம்மூவரில் ஞானாதிக்கத்தை மன்னித்தவர் யார்?

விடை: போதகர் மன்னித்தது தன் மேல் படாத அடியை, அதற்குச் செலவில்லை. கோயில்பிள்ளை தழுவியது பொய்யல்ல, ஆனால் அவர் தேடியது தன் தூக்கத்தை. அதனால்தான் பழி வாசலுக்கு வந்து நின்றபோது வாயை மூடி அதற்கு வழி விட்டார். ஷெரினுக்குச் செய்ததை ஷெரின்தான் மன்னிக்க முடியும். அந்தக் கணக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. தனக்குச் செய்ததை மன்னித்தவள் எப்சிபாய். கோபம் கொதித்துக்கொண்டிருக்கும்போதே, திருப்பி அடிக்க வாய்ப்புக் கிடைத்தபோது கையை அவள் இறக்கிக்கொண்டாள். அவளிடமே கேட்டால், மன்னிக்கவில்லை என்றுதான் சாதிப்பாள். பொய் பேசாதவள்தான், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் சொல்லை நம்பாதீர்கள்.