சிரிக்காத வாய்

ஒரு வாய்க்குள் ஒரு நாக்கு குடியிருந்தது. நர்ஸ் ஜெபராணியின் நாக்கு. சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்கார நாக்கு. ஊசிக்குப் பயந்து கத்துகிற பிள்ளையை ஒரே வார்த்தையில் அடக்கிவிடும். யார் மாதிரி பேசச் சொன்னாலும் அச்சு அசலாகப் பேசிக் காட்டும்.

அப்பேர்ப்பட்ட நாக்குக்கும் வந்தது கஷ்டகாலம். ஜெர்மனியில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போக வேண்டும் என்று ஜெபராணி ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தாலும் சேர்ந்தாள், நாக்கின் பாடு திண்டாட்டம்தான். நேற்று டீச்சர் எழுப்பி, "உங்க குடும்பத்தைப் பத்திச் சொல்லுங்க" என்றார். நாக்கு உளறிக் கொட்டியது. பின்பெஞ்சு கொல்லென்று சிரித்தது. தொடர்ந்து படிக்கிறவர்கள் இன்று சாயங்காலத்துக்குள் பேர் கொடுக்க வேண்டும்.

"செத்தாலும் நான் வரமாட்டேன்" என்றது நாக்கு.

"அட, அந்த வேலையை நம்பித்தானே அவ இவ்வளவு கஷ்டப்படுறா!" என்று பதறின பற்கள்.

"சிரிப்பா சிரிச்சது உங்களைப் பாத்தா, என்னைப் பாத்தா? இன்னைக்கே போய் நின்னுக்கிறேன்னு சொல்லிடுவேன்."

உதடுகள் வாயே திறக்கவில்லை. எதையும் மூடி வைத்துத்தான் அவற்றுக்குப் பழக்கம்.

மத்தியானம் ஆஸ்பத்திரி கேன்டீனில் டிபன் பாக்ஸைத் திறந்ததுமே, கூட வேலை பார்க்கிற பரிமளா ஆரம்பித்துவிட்டாள். "ஏய் ஜெபா, நம்ம மாவி மாதிரி பேசிக் காட்டேன்!"

மாவி மிசோரத்திலிருந்து வந்த நர்ஸ். இங்கே வேலைக்கு வந்த பிறகுதான் தமிழ் பேசக் கற்றவள்.

நாக்குக்கு உயிர் வந்துவிட்டது. "பெரிய டாக்டர் வந்தான்! தாத்தாக்கு மாத்திரை குடுத்தான்! தாத்தா சமத்தா தூங்கிப் போச்சு!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பரிமளாவுக்குப் புரையேறியது. அந்த நேரம் பார்த்து மாவியே டிபன் பாக்ஸோடு உள்ளே வந்தாள். சிரிப்பு சட்டென்று அடங்கியது. ஜெபராணியின் உதடுகள் இறுக மூடிக்கொண்டன.

மாவி நேராக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, இன்னிக்கு ஜெர்மன் கிளாஸ் இருக்குதானே?"

"விட்டுடலாம்னு இருக்கேன் மாவி. நான் வாயைத் திறந்தாலே சிரிக்கிறாங்க."

"அய்யோ, விடாதே அக்கா! நான் வந்தப்போ என்னைப் பாத்தும் சிரிச்சான். வார்டு எல்லாம் சிரிச்சான். நான் ஊருக்குத் திரும்பிப் போக பெட்டி கூட கட்டிடுச்சு." மாவி அவள் கையைப் பிடித்தாள். "நீ மட்டும்தான் சிரிக்கல. அதான் தினம் உன்கிட்ட வந்து பேசி பேசி கத்துக்கிட்டேன்."

நாக்கு மேலண்ணத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது. அடக் கொடுமையே! அவள் நம்பி வந்து பேசினதையெல்லாம் சேர்த்து வைத்துத்தானே அது இத்தனை நாளும் கேன்டீனில் பேசிக் காட்டியது!

"நாம சிரிக்கலையா?" என்று நடுங்கின பற்கள். "அன்னைக்கு நாம உருண்டு புரண்டு சிரிச்சோமே!"

உதடுகள் மெல்ல முணுமுணுத்தன. "நாங்க மூடிக்கிட்டோம். உள்ளே நடந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?"

பரிமளா எதையோ தேடுகிற மாதிரி சாப்பாட்டையே கிளறிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வகுப்பில் ஜெபராணி முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். யாரும் கூப்பிடாமலே எழுந்து நின்று தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். இரண்டாவது வரியிலேயே நாக்கு தடுக்கி விழுந்தது. பின்பெஞ்சு கொல்லென்று சிரித்தது.

"யாருன்னு திரும்பிப் பாரு!" என்று பற்கள் கடுகடுத்தன.

"எதுக்குப் பாக்கணும்? எல்லாம் நம்ம ஆளுங்கதான்" என்ற நாக்கு, மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தது.