பரிதியின் மணி

"தோழர், எனக்குப் பயமா இருக்கு" என்றான் பரிதி.

"முதலாளிக்குப் பயம் வந்தா நல்ல சேதிதான். உள்ளே வா" என்றார் மரகதம்.

அது பஞ்சாலைத் தொழிற்சங்க அலுவலகம். ஆலையை மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. சங்கம் மட்டும் வீம்புக்குத் திறந்திருந்தது. கல்லூரி நாட்களில் இதே அறையில் மரகதம் வாசிப்பு வட்டம் நடத்தினார். பரிதி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பான். இருவருக்கும் ஒரே வயதுதான். ஆனாலும் அன்றைக்கு அவர்தான் ஆசிரியர். இன்றைக்கும் அவரேதான்.

இடையில் பரிதி ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கியிருந்தான். ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கு டோக்கன் கொடுத்து, யார் எந்த டாக்டரை எப்போது பார்ப்பது என்று வரிசைப்படுத்தும் மென்பொருள். நாலு பேரோடு தொடங்கியது. இப்போது முந்நூறு பேர். பாதிப் பேரின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது.

"என்ன பயம்?"

"இன்னைக்கு மூணு மணிக்குக் கையெழுத்து. முதலீட்டாளர்கள் வர்றாங்க. போட்டா, அடுத்த மாசம் தமிழ்நாடு முழுக்க நம்ம டோக்கன்தான்."

"போட வேண்டியதுதானே?"

"எல்லாம் நல்லாத்தான் போகுது. மேனேஜருங்க எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. ஆனா எனக்கு நம்பிக்கை வரலை. சோறு இறங்கலை. நம்ம டோக்கனை நம்பித்தான் ஒரு நோயாளி பெஞ்சுல உட்கார்ந்திருக்கான். எங்கேயாவது வரிசை மாறிப் போச்சுன்னா..."

"மாறுதா?"

"ஒருத்தர்கூடக் குறை சொல்லலை தோழர்."

"எனக்கும் யாரும் சொன்னதில்லை" என்றார் மரகதம். "ஆலை வாசல்ல பேசுவேன். கைதட்டல் காதைக் கிழிக்கும். மறுநாள் வேலைநிறுத்தம்னா நானும் கொடிக்கம்பமும்தான் நிப்போம்."

பரிதி சிரித்தான். மரகதம் சிரிக்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டினார்.

"வா, உன் ஆலையைப் பார்ப்போம்."

"ஆலை இல்லை தோழர். ஆபீஸ்."

"சங்கு ஊதுமா?"

"சங்கு கிடையாது. மணி இருக்கு."

ஏழாவது மாடி. கூடத்தின் நடுவில் வெண்கல மணி தொங்கியது. கோயில் மணி அளவு இருக்கும். கண்ணாடி அறைக்குள் முதலீட்டாளர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இது எதுக்கு?" என்று மணியைக் காட்டினார் மரகதம்.

"புதுசா ஒரு ஆஸ்பத்திரி சேர்ந்தா அடிப்போம். எல்லாரும் எழுந்து கைதட்டுவாங்க. நாலு பேரா இருந்தப்ப டிபன் பாக்ஸ் மூடியைத் தட்டுவோம். அதோட வளர்ச்சி இது." பயத்துக்கு நடுவிலும் அவன் குரல் நிமிர்ந்தது. "என்ன வேலையா இருந்தாலும் விட்டுட்டு எழுந்திருக்கணும். போன்ல பேசிட்டிருந்தாலும் வச்சிட்டு எழுந்திருக்கணும். நான் போட்ட சட்டம்."

"அந்த மூலையில யாரு?"

"உதவி மையம். ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு ஏதாவது சந்தேகம்னா கூப்பிடுவாங்க."

"நீ அவங்ககூடப் பேசுறதுண்டா?"

"அதுக்கு மேனேஜர் இருக்கார்."

மரகதம் போய் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

கூடம் அதிர்ந்தது. முந்நூறு பேரும் எழுந்தார்கள். கைதட்டல். எங்கிருந்தோ ஒரு விசில். லட்டுத் தட்டு வந்தது. கண்ணாடி அறைக்குள் முதலீட்டாளர்களும் எழுந்து தட்டினார்கள்.

பரிதி ஓடிவந்தான். "தோழர்! எந்த ஆஸ்பத்திரி சேர்ந்தது?"

"எதுவும் சேரலை."

"அப்புறம் ஏன் அடிச்சீங்க?"

"பரவாயில்லை, நீயாவது கேட்டே" என்றார் மரகதம். லட்டைக் கொஞ்சம் கடித்துப் பார்த்தார். "நல்ல நெய்."

அதற்குள் மேனேஜர் கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார். "வாழ்த்துகள் சார்! பெரிய ஆஸ்பத்திரிங்களா?"

பரிதி அவர் முகத்தைப் பார்த்தான்.

அவன் கயிற்றைப் பிடித்தான். அடித்தான்.

எழுந்து தட்டினார்கள். உட்கார்ந்தார்கள்.

மறுபடி அடித்தான்.

எழுந்து தட்டினார்கள். விசிலும் வந்தது.

அவன் நிறுத்தவில்லை. சிலர் உட்காராமலே நின்று தட்டினார்கள். சிலர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தட்டினார்கள். கைகள் சோர்ந்தன. ஒருவர் நிறுத்த, அவரைப் பார்த்து இன்னொருவர் நிறுத்த, கடைசியில் முந்நூறு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

பரிதி கயிற்றை விட்டான். மணியின் ரீங்காரம் மெல்ல அடங்கியது.

அப்போதுதான் அவனுக்குக் கேட்டது.

மூலையில் போன்கள் அடித்துக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டு இல்லை. எல்லா மேசையிலும். உதவி மையத்துக்காரர்கள் அவற்றின் முன்னால் கைகளை மார்புக்கு நேராக வைத்தபடி, உட்காரலாமா என்று அவனையே பார்த்து நின்றார்கள்.

கண்ணாடிக் கதவு திறந்தது. "மிஸ்டர் பரிதி, மணி மூணாச்சு."

பரிதி மூலையை நோக்கி நடந்தான். முதல் மேசையில் அடித்த போனை எடுத்தான்.

"வணக்கம்..."

மறுமுனையில் ஏதோ ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண். அவளைச் சுற்றிலும் சண்டைச் சத்தம், ஒரு குழந்தையின் அழுகை.

"சார், சார், உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்" என்றாள். "இந்தத் தடவையாவது மணி அடிச்சதும் போனை வச்சுடாதீங்க."